எல்லைப்புறச் சிறுவர்க்கு இலக்கணப் பயிற்சி

தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லை வேங்கட மலை என்று தொல்காப்பியப் பாயிரம் கூறுகிறது. அம்மலையடிவாரத்துத் திருப்பதியிலும், அதற்குத் தென்மேற்கே உள்ள சித்தூரிலும், வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வளரும் குழந்தைகள் இன்றும் உண்டு. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. இவ்விரு நகரங்களும் ஆந்திரப் பிரதேசத்திலேயே நின்றன.

மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழி வழியே கற்பிக்க வசதி செய்யவேண்டும் என்பது, 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற 350-ஏ பிரிவின் கருத்து. அப்பிரிவு தொடக்க நிலையோடு நின்றுவிடுகிறது. இலக்கணம் மனத்தில் ஊன்றும் பருவமோ அதற்கு அடுத்ததாகிய ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கள். அம்மூன்றாண்டுகளில் பயிற்சி பெறாத சிறுவன் தமிழில் தடையின்றிப் பேசுவான். பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னால் திகைப்பான்.

சூத்திரங்களை ஒப்பிக்கச் செய்வதனால் இக்குறை தீராது. மாணவன் செய்யும் பிழையை உற்று நோக்கினால் அன்றைய பாடம் அதிலேயே கிடைக்கும். "அக்கா வந்தது" என்று அவன் எழுதுகிறான் என்று கொள்வோம். கவனக்குறைவு என்று அடித்துவிடுதல் எளிது. ஆயின் தெலுங்கில் "அதடு வச்சாடு" என்றால் அவன் வந்தான். "ஆமெ வச்சிந்தி" என்றால் அவள் வந்தாள். "அதி வச்சிந்தி" என்றால் அது வந்தது. அதாவது, ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் அங்கே வினைமுற்று ஒன்றே. சிறுவன் இலக்கணத்தை மீறவில்லை. வேறோர் இலக்கணத்தைப் பின்பற்றியிருக்கிறான்! பன்மையிலோ, "வச்சாரு" என்றும் "வச்சாயி" என்றும் தெலுங்கும் மக்களை ஏனையவற்றினின்றும் பிரித்துவிடுகிறது. இவற்றைக் கரும்பலகையில் அருகருகே எழுதி, தமிழ் வேறுபடும் இடத்தை மாணவனே காணும்படி செய்யலாம். பின்னர்த் தம்பியைப் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்து, தம்பியைத் தங்கையாகவும், கன்றாகவும், கன்றுகளாகவும் மாற்றி எழுதச் சொல்லலாம். திணையும் பாலும் கைப்பழக்கமாகவே வந்துவிடும்.

லகர ளகர ழகர மயக்கத்திற்கும் தெலுங்கே துணை செய்யும். இன்றைய தெலுங்கில் ழகரம் இல்லை. அது வரவேண்டிய இடத்தில் பல சொற்களில் டகரம் நிற்கிறது. நம் ஏழு அங்கே ஏடு, கோழி கோடி, ஊழியம் ஊடிகம். இத்தகைய இணைகளைத் தேடி வரச் சொன்னால் பிள்ளைகள் விளையாட்டைப்போல் தேடுவர். இது எல்லாச் சொல்லுக்கும் ஏற்ற விதியன்று. தெலுங்கின் நாடு தமிழிலும் நாடே. நாம், நாங்கள் என்னும் வேறுபாட்டையோ விளக்கவே வேண்டுவதில்லை. ஆங்கிலேயனுக்கு அரைநாள் சொல்லவேண்டிய செய்தி, சித்தூர்ச் சிறுவனுக்கு "மனமு, மேமு" என்ற இரு சொற்களில் முடிந்துவிடும்.

வல்லெழுத்து மிகும் இடங்கள்தாம் உண்மையில் கடினமானவை. தமிழகத்து மாணவருக்குங்கூட அப்படித்தான். இங்கே காதே முதல் ஆசிரியர். "அந்தப் பையன்", "வந்த பையன்" என்றும், "கதையைக் கேட்டான்", "கதை கேட்டான்" என்றும் ஆசிரியர் உரக்கப் படிக்க, மாணவர் கேட்டு எழுதவேண்டும். ஒற்று எங்கே ஒலித்தது என்று அவர்களே சொன்ன பின்னர், சுட்டும் பெயரெச்சமும் இரண்டாம் வேற்றுமை உருபும் பெயர் பெறட்டும்.

வாரம் ஒரு கடிதம் எழுதச் செய்வது நன்று. வேலூரிலோ சென்னையிலோ உள்ள உறவினருக்கு எழுதும் உண்மைக் கடிதமாகவே அது இருக்கலாம். எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் சிவப்பு மையால் வட்டமிட்டால் ஆசிரியருக்கு மனநிறைவு உண்டாகலாம்; மறுவாரம் எழுதுவதற்குப் பையனுக்குக் கை வராது. ஒரு வாரம் வினைமுற்று, மறுவாரம் ழகரம், அதற்கடுத்து ஒற்று என ஒருவகைப் பிழையை மட்டும் திருத்தி, கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.