முகம் தெரியாதவர்களோடு – 9: பாம்பாற்றுக்கு மேலே ஒரு பாட்டு

போன வாரம், முகம் தெரியாத கூட்டம் ஒன்று சேர்ந்து கேலி செய்தால் ஒரு தனி ஆள் எப்படி நொறுங்கிப்போவார் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, “அப்படியென்றால் இணையத்தில் கேலியே கூடாதா?” என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். யாரைக் கேலி செய்கிறோம், எதை நம்பிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. அதற்குக் கொடைக்கானல் கதையைத்தான் சொல்ல வேண்டும். அங்கே ஒரு கேலிப் பாட்டு, பதினான்கு வருஷமாக அசையாத ஒன்றை அசைத்தது. அதே பாட்டால் அசைக்க முடியாமல் போனதும் ஒன்று உண்டு. எனக்கு இரண்டாவதுதான் இன்னும் முக்கியமாகப் படுகிறது.

2015 ஜூலை 30. சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு ஒன்று யூடியூபில் ஏறியது. ‘கொடைக்கானல் வோன்ட்’ என்று பெயர். மெட்டு அவருடையது அல்ல. அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ அதற்கு முந்தைய வருஷம்தான் உலகத்தையே ஆட்டிவைத்திருந்தது. அந்த மெட்டில் சொற்களை மாற்றிப் போட்டு, யூனிலீவர் கம்பெனியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் சோஃபியா. ஜட்கா என்ற பிரசார அமைப்பு வெளியிட, ரதீந்திரன் பிரசாத் இயக்கியிருந்தார். நம் ஊருக்கு இது புதிதல்ல. தேர்தல் மேடையில் சினிமா மெட்டுக்கு வேறு வரி போட்டு எதிர்க்கட்சியை வாருவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவை நிற்க வைத்துக் கிண்டல் செய்வான், ஊரே சிரிக்கும், ராஜா பதில் சொல்லியாக வேண்டும். சோஃபியா பிடித்தது அந்த நூலைத்தான். ஏற்கெனவே போபால் விஷயத்தில் டௌ கெமிக்கலை எதிர்த்து ராப் பாடியவர், விளம்பரத் துறையிலும் வேலை பார்த்தவர். மனசில் ஒட்டிக்கொள்ளும் வரி எது என்பது அவருக்குத் தெரியும்.

சில நாளிலேயே பல லட்சம் பேர் பார்த்தார்கள். நிக்கி மினாஜே தன் ட்விட்டரில் பகிர்ந்தார். கொடைக்கானல் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் எல்லாம், அங்கே ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது, பாதரசக் கழிவு மண்ணில் கிடக்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள்.

அந்தத் தொழிற்சாலையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், வாட்டர்டவுன் என்ற ஊரில் இயங்கிக்கொண்டிருந்தது அது. 1983இல் செஸ்பரோ-பாண்ட்ஸ் கம்பெனி அதைக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. 1987இல் அந்தக் கம்பெனி யூனிலீவர் கைக்குப் போயிற்று. 1998இல் பாண்ட்ஸ் இந்தியாவும், யூனிலீவரின் இந்தியக் கம்பெனியான இந்துஸ்தான் லீவரும் இணைந்தன. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்கே போயின. உடைந்த கண்ணாடி மட்டும் இங்கே தங்கியது.

2001 மார்ச் 7ஆம் தேதி, கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊருக்குக் காட்டினார்கள், பழநி மலைப் பாதுகாப்புக் கழகத்தினரும் கிரீன்பீஸ்காரர்களும் முன்னாள் தொழிலாளர்களும். அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. கழிவை வெளியே விற்றது தங்கள் விதிமுறைகளை மீறி நடந்த தவறு என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. தொழிலாளர்களின் உடல்நலம் அதனால் கெட்டது என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடியில் கப்பலேறி, அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குச் சுத்திகரிப்புக்காகப் போனது. ஏழை நாட்டில் கொட்டிய குப்பையைப் பணக்கார நாட்டுக்கே திருப்பி அனுப்பியது அபூர்வத்திலும் அபூர்வம். அதைச் செய்து காட்டியது மலை மேல் இருக்கும் ஒரு சின்ன ஊர். இதை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன்.

அதற்குப் பிறகு வழக்கு, கமிட்டி, அறிக்கை. முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007இல் அமைந்த நிபுணர் குழு, நோய்களுக்கும் பாதரசத்துக்கும் தொடர்பு காட்டப் போதிய சான்றில்லை என்றது. 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை அதற்கு நேர்மாறாகத் தொழிலாளர்கள் பக்கம் பேசியது. இப்படியே 2015 வந்துவிட்டது.

அப்போதுதான் பாட்டு. யூனிலீவரின் தலைமைப் பொறுப்பில் அன்று இருந்த பால் போல்மன், சுற்றுச்சூழல் அக்கறைக்கு உலக அளவில் பெயர் வாங்கியவர். அதனால்தான் கேலி சரியான இடத்தில் தைத்தது. அவர் ட்விட்டரிலேயே பதில் சொன்னார்: பல வருஷமாகத் தீர்வுக்கு முயன்றுகொண்டிருக்கிறோம், உணர்ச்சியைக் கிளப்புவது உதவாது, உண்மைத் தகவல்தான் தேவை என்ற பொருளில். கொடைக்கானல் தொழிலாளி ஒருவர் அந்தக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்துக்கு எழுதும் கடிதம் எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மெட்டு அத்தனையையும் தாண்டி நேரே தலைவரிடம் போய் நின்றது.

ஆனால் அவர் சொன்ன அந்தப் பதிலோடு எனக்குச் சண்டை உண்டு. உணர்ச்சி ஒரு பக்கம், தகவல் ஒரு பக்கம் என்று அங்கே பிரிந்து கிடக்கவில்லை. இரும்புக் கடை மூட்டை தகவல். கப்பலேறிய 290 டன் தகவல். அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகத்தார் கொடைக்கானல் ஏரியின் சேற்றிலும் மீனிலும் பாதரசத்தை அளந்து 2006இல் ஆய்விதழில் வெளியிட்டதும் தகவல். அத்தனையும் பல வருஷமாகக் கண்ணுக்கு முன்னால் இருந்தன. கேட்க ஆளில்லாததால்தான் பாட வேண்டி வந்தது. கைகால் நடுக்கத்தோடும் சிறுநீரகக் கோளாறோடும் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததாகச் சொல்லும் தொழிலாளிக்குக் கோபம் வந்தால், அது ஆதாரத்தைக் கெடுத்துவிடுமா என்ன?

இந்தப் பேச்சில் இறங்குகிறவர்கள் எல்லோரும் கம்பெனிக்காரர்கள் அல்ல. பாதரசம் பற்றி இணையத்தில் யார் எழுதினாலும் கீழே ஒருவர் வந்து சொல்வார்: “சின்னப் பிள்ளையில் தெர்மாமீட்டர் உடைந்தால் அந்த உருண்டையை உள்ளங்கையில் உருட்டி விளையாடியிருக்கிறோம். எங்களுக்கு என்ன ஆகிவிட்டது ப்ரோ?” இவரைத் திட்டக் கூடாது. நல்ல கேள்வி கேட்கிறார். நானும் பொறுமையாகப் பதில் எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை. உள்ளங்கையில் உருட்டினால் தோல் வழியாகப் போவது மிகக் குறைவு. விழுங்கினால்கூடக் குடலில் ஏறாமல் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். ஆபத்து வேறு வழியில் இருக்கிறது. பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சில் இழுத்த ஆவியில் ஏறத்தாழ எண்பது சதவீதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். குளிருக்காகச் சன்னலைச் சாத்திய அறையில், வருஷக்கணக்கில், நாள் முழுக்க அதை நிரப்பியும் சூடாக்கியும் வேலை பார்த்தவரின் கணக்கும், ஒரு மத்தியானம் விளையாடிய பிள்ளையின் கணக்கும் ஒன்றாகாது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது தலைமுடியிலும் துணியிலும் பாதரசம் ஒட்டிக்கொண்டு வந்தது என்று முன்னாள் தொழிலாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் துணியைத் துவைத்தது வீட்டில் இருந்தவர்கள்.

இவ்வளவையும் எழுதினால் அந்த ‘ப்ரோ’ சில சமயம் “இது தெரியாதுங்க” என்பார். அப்படி ஒருவர் சொல்லிவிட்டால் அன்று முழுக்க எனக்கு மனசு நிறைந்திருக்கும். இன்னொரு வகையினர் அப்படி இறங்கி வரமாட்டார்கள். “வேலை கொடுத்த கம்பெனியை விரட்டிவிட்டு இப்போது அழுதால் எப்படி?” என்பார்கள். கூடவே கட்சிச் சண்டையும் வந்து சேரும்: உங்கள் ஆட்சியில் வந்தது, எங்கள் ஆட்சியில் மூடியது. அனுமதி கொடுத்ததும் கண்காணிக்க வேண்டியதும் அரசுதான் என்பதால் அரசியல் பேசத்தான் வேண்டும். ஆனால் எந்த நிறக் கொடி என்பதோடு பேச்சு நின்றுவிட்டால் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் சரிவு மறந்துபோகும்.

அந்தச் சரிவு பாம்பாற்றுச் சோலைக்குள் இறங்குகிறது. பாம்பாற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமலே. எழுபதுகளில் லிரில் சோப்பு விளம்பரத்தில் ஒரு பெண் அருவியில் குளித்து இந்தியாவையே திரும்பிப் பார்க்க வைத்தாரே, அந்த அருவி இதுதான். இன்றும் உள்ளூரில் லிரில் ஃபால்ஸ் என்றே சொல்கிறார்கள். லிரில், இந்துஸ்தான் லீவரின் சோப்பு. தன் சோப்பை நாட்டுக்கே காட்ட அந்தக் கம்பெனி தேர்ந்தெடுத்த ஆற்றின் மேட்டில்தான், பின்னாளில் அதன் கைக்கு வந்த தொழிற்சாலை நின்றது. அதே பாம்பாறு கீழே இறங்கிப் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கும்பக்கரை அருவியாக விழுகிறது. பழநி மலையில் நடப்பது மலைக்காரர்களின் விவகாரம் மட்டும் அல்ல என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

2016 மார்ச்சில், பாட்டு வந்து எட்டே மாதத்தில், 591 முன்னாள் தொழிலாளர்களோடு இந்துஸ்தான் யூனிலீவர் (பழைய இந்துஸ்தான் லீவர்) உடன்படிக்கை செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் என்றது கம்பெனி. தொகை எவ்வளவு என்று வெளியிடப்படவில்லை. பாட்டுதான் வாங்கிக்கொடுத்தது என்று எழுதியவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. பத்து வருஷமாக நீதிமன்றப் படியேறிய சங்கம் இல்லாமல், ஒவ்வொரு மருத்துவச் சீட்டையும் பத்திரப்படுத்திய குடும்பங்கள் இல்லாமல் அந்தப் பாட்டில் சொல்ல விஷயமே இருந்திருக்காது. உலகம் சிரித்த நேரத்தில் கையில் காகிதத்தோடு தயாராக நின்றது அவர்கள்.

உடன்படிக்கையோடு கூட்டம் கலைந்தது. மண் அங்கேயே கிடந்தது. உண்மையான தொழில்நுட்ப வாதம் அந்த மண்ணைப் பற்றியதுதான்: சுத்தம் செய்த பிறகு, ஒரு கிலோ மண்ணில் எவ்வளவு பாதரசம் மிச்சம் இருக்கலாம்? 20 மில்லிகிராம் என்று கொடைக்கானலுக்கு அளவு வைத்தார்கள். மண்ணை இயந்திரத்தில் கழுவி, சூடேற்றி, பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் முறை. பிரிட்டனில் இருந்தால் இந்த அளவை ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்டார்கள் போராடியவர்கள். பிரிட்டன் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி அளவுகளைப் பாருங்கள். குடியிருப்பு மண்ணில் உலோகப் பாதரசத்துக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம். மெதில் பாதரசத்துக்கு 11. கனிமச் சேர்மங்களாக இருந்தால் 170. ஆளுக்கொரு எண்ணை உருவிக்கொண்டு, இருபது அநியாயம் என்றும் வாதிடலாம், இருபது தாராளமாகப் போதும் என்றும் வாதிடலாம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, அந்த மண்ணில் பாதரசம் எந்த வடிவில் இருக்கிறது என்பதை. தெர்மாமீட்டரில் நிரப்பியது உலோகப் பாதரசம். காற்றும் மழையும் பட்டு அதில் எவ்வளவு மாறியது, சோலைச் சேற்றில் நுண்ணுயிரிகள் எவ்வளவை மெதில் பாதரசமாக்கும், அது மீனில் எவ்வளவு சேரும்? ஜப்பானில் மினமாட்டா விரிகுடா மீன் தின்ற குடும்பங்களைச் சீரழித்தது அந்த மெதில் வடிவம்தான்; 1956இல் அந்த நோய் கண்டறியப்பட்டது.

இந்தக் கேள்விக்குத்தான் முகம் தெரியாதவர்கள் தேவைப்பட்டார்கள். மண் வேதியியல் படித்தவர், சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்ப்பவர், வெளிநாட்டு விதிகள் தெரிந்தவர் என்று தமிழ் இணையத்தில் ஆளுக்கா பஞ்சம்? அவர்கள் வந்து ஒரு மாதம் உட்கார்ந்து வாதாடியிருந்தால் மூஞ்சிக்கல்காரருக்குக் கையில் ஓர் ஆயுதம் கிடைத்திருக்கும். வந்தவர்கள் சிலர். மற்றவர்கள் அடுத்த பாட்டைத் தேடிப் போய்விட்டார்கள்.

2018இல் இரண்டாவது பாட்டு வந்தது. சோஃபியாவோடு இம்முறை பாடகர்கள் டி.எம்.கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் சேர்ந்தார்கள். பணக்கார நாட்டு மண்ணுக்கு ஓர் அளவு, எங்கள் மண்ணுக்கு ஓர் அளவா என்று நேராகவே கேட்டார்கள். இசையாக எனக்கு முதல் பாட்டைவிட இது பிடித்தது. முதல் பாட்டுக்கு வந்த கூட்டம் இதற்கு வரவில்லை. ஒரு கம்பெனியைப் பார்த்துச் சிரிக்க எந்த ஊர்க்காரராலும் முடியும். இருபதா ஒன்றா என்று கோபப்பட, அந்த எண் தன் வீட்டுக் கிணற்றுக்கு என்ன செய்யும் என்று புரிந்திருக்க வேண்டும்.

முதல் பாட்டு ஆங்கிலத்தில் இருந்ததில் எனக்குக் குறையில்லை. கேட்க வேண்டிய காது லண்டனில் இருந்தது. ஆனால் அளவுகள் பற்றிய வாதமும் பெரும்பாலும் ஆங்கில அறிக்கைகளுக்குள்ளேயே நடந்தது. வாட்ஸ்ஆப் குழுவில் இரவெல்லாம் சண்டை போடும் கொடைக்கானல் இளைஞர் கையில் கொடி இருந்தது, கோபம் இருந்தது, எண் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. எந்த இடத்து மண், எந்த மாதம் எடுத்தது, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம், பாம்பாற்றுத் தண்ணீரில் எவ்வளவு, கும்பக்கரையில் எவ்வளவு என்று தமிழில் ஒரு பக்கம். அதைக் கொடைக்கானல் நகராட்சி அலுவலக வாசலிலும் பெரியகுளம் நகராட்சி அலுவலக வாசலிலும் ஒட்டட்டும். போட்டோ எடுத்து இணையத்தில் ஏற்றுகிற வேலையை எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

(தொடரும்)