அயல்நாட்டு ஊர்வன: வருமுன் அறிதலும் தோட்டத்தைக் காத்தலும்

ஆடி மாதத்துச் சோளகம் வீசும்போது பண்டத்தரிப்பிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வெறுந்தரையெல்லாம் காய்ந்து கிடக்கும். மாரி மழையை நம்பி விதைத்த வயல்களில் அரிதாளும் உக்கிப் போயிருக்கும். ஆயினும் கிணற்றடித் தோட்டங்கள் மட்டும் பசுமை குன்றாது நிற்கும். இறைத்த நீர் வாய்க்கால் வழியே பாத்திதோறும் பாய, வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் கீரையும் அக்கடுங்கோடையிலும் தழைக்கும். இப்பசுமை கமக்காரரின் உழைப்பினால் உண்டானது. வெளியே உணவும் ஈரமும் அற்ற காலத்தில் உயிர்கள் பலவும் இதனையே நாடி வருகின்றன. பிறநாட்டிலிருந்து வந்து சேரும் உயிருக்கும் இதுவே நல்ல புகலிடமாகும் என்பதைக் கமக்காரர் இப்பொழுதே சிந்தித்தல் வேண்டும்.

அயல்நாட்டு ஊர்வன யாவை?

பாம்பு, பல்லி, ஓணான், உடும்பு, ஆமை, முதலை ஆகியவை ஊர்வன வகுப்பைச் சேர்ந்தவை. ஒரு நாட்டுக்கு உரியதல்லாத ஊர்வன, மனிதனால் அறிந்தோ அறியாமலோ கொண்டுவரப்பட்டு, அங்கே தாமாகவே பெருகிப் பயிருக்கோ பிற உயிருக்கோ கேடு செய்யுமாயின், அவை ஆக்கிரமிப்பு ஊர்வன எனப்படும். பாதீனியம் என்னும் களை வடபகுதி நிலங்களில் பரவியதையும், 2018ஆம் ஆண்டில் படைப்புழு இந்நாட்டுச் சோளப் பயிரைத் தாக்கியதையும் கமக்காரர் அறிவர். களைக்கும் புழுவுக்கும் நேர்ந்தது ஊர்வனவற்றுக்கும் நேரக்கூடும்.

பிறநாடுகளில் இவ்வாறு நேர்ந்திருக்கிறது. பசிபிக் சமுத்திரத்திலுள்ள குவாம் தீவுக்கு, இரண்டாம் உலக யுத்தத்தின் பின் கப்பற் சரக்குடன் பழுப்பு மரப்பாம்பு வந்து சேர்ந்தது. அத்தீவின் காட்டுப் பறவையினங்கள் பன்னிரண்டில் பத்து அங்கே அற்றுப்போயின. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வீடுகளில் வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் சதுப்பு நிலங்களிற் புகுந்து பெருகின. இன்று அவற்றை முற்றாக ஒழிக்க முடியாத நிலை உண்டாகியுள்ளது.

மரக்கறித் தோட்டக்காரர் சிறப்பாக அறிய வேண்டிய ஊர்வன இரண்டு. முதலாவது, பச்சை இகுவானா என்னும் பேரோணான். இது மெக்சிக்கோ முதல் தென் அமெரிக்கா வரையுள்ள வெப்ப நாடுகளுக்குரியது. வாலுடன் அளந்தால் ஐந்தடிக்கு மேலும் வளரும். பெரும்பாலும் இலை, பூ, பிஞ்சு, பழம் ஆகியவற்றையே தின்னும். பெண் இகுவானா இளகிய மண்ணில் வளை தோண்டி, ஒரு முறையில் இருபது முதல் எழுபது வரையான முட்டைகளை இடும். தாய்வானின் தென்பகுதியில் இது பயிர்களுக்குச் சேதம் விளைத்து வருகிறது. கரிபியன் கடலிலுள்ள கிராண்ட் கேமன் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மிகச் சிறிய தீவு. அங்கே 2018ஆம் ஆண்டில் அரசாங்கம் தொடங்கிய ஒழிப்பு முயற்சியில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இகுவானாக்கள் கொல்லப்பட்டன.

இரண்டாவது, செங்காது ஆமை. இது அமெரிக்காவின் தென்பகுதிக்குரிய நன்னீர் ஆமை. நாணயமளவு குஞ்சாகச் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கப்படுவது. 1989 முதல் 1997 வரை ஏறக்குறைய 5 கோடியே 20 இலட்சம் ஆமைகள் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாயின. இலங்கைக்கும் இது செல்லப்பிராணியாகக் கொண்டுவரப்பட்டது. வாங்கியவர்கள், ஆமை வளர்ந்து கண்ணாடித் தொட்டியில் அடங்காதபோது, அதனைக் குளத்திலோ கிணற்றிலோ விட்டுவிடுகின்றனர். கேரளத்தின் நீர்நிலைகளில் இவ்வாறு விடப்பட்டவற்றைத் தேடிப் பிடிக்கும் வேலை அங்குள்ள வன ஆராய்ச்சி நிலையத்தாருக்கு ஏற்பட்டது.

முன்னறிவது எவ்வாறு?

புதிய நெல்லினம் ஒன்று கிடைத்தால், அஃது எம்மண்ணில் விளைந்தது, எத்தனை நாளில் முற்றியது, எவ்வளவு மழையைத் தாங்கியது என்று கேட்டறிந்த பின்னரே கமக்காரர் விதைப்பர். விஞ்ஞானிகள் ஊர்வனவற்றின் பரவலை முன்னறிவதும் இம்முறையினாலேயே. ஓர் ஊர்வன இனத்தின் தாயகத்தில் நிலவும் வெப்பம், குளிர், மழை, வறட்சி ஆகியவற்றை முதலிற் கணிப்பர். பின், உலகில் வேறெங்கே அத்தகைய காலநிலை உண்டு என்று தேசப்படத்தில் குறிப்பர். அதன்மேல், வருங்காலத்தில் வெப்பமும் மழையும் எவ்வாறு மாறும் என்னும் கணிப்பைப் பொருத்தி, இன்று ஒவ்வாத இடம் நாளை ஒவ்வுமா என்று ஆராய்வர்.

இம்முறை பயனுடையதாயினும் முழுதும் நம்பத்தக்கதன்று. பர்மிய மலைப்பாம்பு பற்றி அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் திணைக்களத்தார் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட படம், அந்நாட்டின் தென் மூன்றிலொரு பங்கு அப்பாம்புக்கு ஏற்றது எனக் காட்டியது. 2100ஆம் ஆண்டளவில் வெப்பம் உயர, அவ்வெல்லை இன்னும் வடக்கே நகரும் எனவும் காட்டியது. அதே ஆண்டில் வேறு ஆய்வாளர், காலநிலைக் கூறுகள் பலவற்றைச் சேர்த்துக் கணித்தபோது, தென் புளோரிடாவும் தென் டெக்சாசின் ஓரமுமே ஏற்றவை என்ற முடிவு கிடைத்தது. 2010ஆம் ஆண்டு தை மாதத்தில் புளோரிடாவில் நீடித்த கடுங்குளிரினால் மலைப்பாம்புகளும் இகுவானாக்களும் பெருந்தொகையாக மாண்டன. எனினும் எஞ்சியவை மீண்டும் பெருகின.

இதிலிருந்து அறியத்தக்கது யாதெனில், ஓரிடத்தில் ஓர் உயிர் வாழ முடியுமா என்பதையே படம் கூறும். அஃது அங்கே வந்து சேருமா என்பதைக் கூறாது. வந்து சேர்வது பெரும்பாலும் மனிதனின் கையில் உள்ளது.

வெப்பம் உயர்வதன் விளைவு

2011 முதல் 2020 வரையான பத்தாண்டுகளில் உலகின் சராசரி வெப்பநிலை, 1850 முதல் 1900 வரையான காலத்திலும் ஏறக்குறைய 1.1 பாகை செல்சியசு கூடியிருந்தது. ஊர்வனவற்றின் உடல் வெப்பம் சூழலின் வெப்பத்தைப் பொறுத்தது. ஆதலால் இம்மாற்றம் அவற்றை நேரே தாக்கும்.

செங்காது ஆமையை எடுத்துக்கொள்வோம். முட்டையிலுள்ள குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் மண்ணின் சூட்டினால் அமைகின்றன. ஏறக்குறைய 26 பாகையில் அடைபட்ட முட்டைகள் ஆண் குஞ்சுகளையும், 31 பாகையில் அடைபட்டவை பெண் குஞ்சுகளையும் தரும். மண் ஓரளவு சூடேறினால் முட்டையிடும் பெண் ஆமைகள் மிகும். அளவுக்கு மீறிச் சூடேறினால் ஆண் ஆமைகள் அருகும், முட்டைகளும் கெடும். ஆகவே வெப்பம் உயர்ந்தால் ஊர்வன யாவும் பெருகும் என்று எண்ணுதல் தவறு. சில பெருகும், சில நலியும், சில இடம் பெயரும்.

புயலும் ஒரு வழியாகும். 1995ஆம் ஆண்டில் கரிபியன் கடலில் இரு சூறாவளிகள் வீசிய பின், வேரோடு சாய்ந்த மரங்களின் திரளில் மிதந்து வந்த பச்சை இகுவானாக்கள், முன்னர் அவ்வினம் இல்லாத அங்குவிலாத் தீவிற் கரையேறின. ஏறக்குறைய பதினைந்து இகுவானாக்களே வந்தன. ஆயினும் ஓரினம் குடியேறுவதற்குச் சிறு தொகையும் போதுமாகலாம். 2008ஆம் ஆண்டு கார்த்திகையில் நிசா புயலினால் குடாநாட்டில் வெள்ளம் பரந்ததைக் கண்டவர்கள், குளத்து நீரும் வயல் நீரும் ஒன்றாகும்போது உயிர்கள் எவ்வளவு எளிதில் இடம் மாறும் என்பதை உணர்வர்.

குடாநாட்டின் நிலைமை

புளோரிடாவில் குளிர் ஒரு வேலியாக நின்றது. யாழ்ப்பாணத்தில் அவ்வேலி இல்லை. இங்கு வேலியாக நிற்பது வறட்சியே. மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்து தீர, எஞ்சிய மாதங்கள் பெரும்பாலும் உலர்ந்தே கழிகின்றன. காலநிலையை மட்டும் கணிக்கும் படம் இவ்வறட்சியைக் கண்டு, ஈரம் விரும்பும் ஊர்வனவற்றுக்கு இவ்விடம் அத்துணை ஏற்றதன்று எனக் காட்டக்கூடும். ஆனால் மழைமானி அளப்பது வானத்து நீரையே. கிணற்றிலிருந்து இறைத்த நீரை அஃது அளப்பதில்லை. வறட்சி என்னும் வேலியில் ஒவ்வொரு கிணற்றடித் தோட்டமும் ஒரு பொட்டாகும். கொத்திப் பண்படுத்திய செம்மண் முட்டையிடுவதற்கு இளகியது; தளிரும் பிஞ்சும் கோடையிலும் குறையா.

கிணறு பற்றியும் கவலை உண்டு. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் நீரே குடிப்பதற்கும் பயிருக்கும் உதவுகிறது. செங்காது ஆமை சல்மொனெல்லா என்னும் நோய்க் கிருமியைக் கொண்டிருக்கக்கூடும். சிறுவர்களுக்கு இந்நோய் தொற்றியதனாலேயே, நாலங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை 1975ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் தடுத்தது. குடிநீர்க் கிணற்றில் ஆமை விடுவது எவ்வாற்றானும் தகாது.

செடியுடன் வரும் மண்

தெற்காசிய மண்ணில் வாழும் புழுப்பாம்பு ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுடையது, எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளையும் புழுக்களையும் தின்று வாழ்வது, மனிதருக்குத் தீங்கற்றது. இவ்வினத்தில் ஆண் இல்லை. பெண் தனித்தே இனம் பெருக்கும். பூச்சாடி மண்ணில் ஒளிந்து சென்ற இப்பாம்பு, இன்று உலகின் வெப்ப நாடுகள் பலவற்றிற் குடியேறிவிட்டது. இங்கிருந்து சாடி மண்ணில் ஒரு பாம்பு உலகைச் சுற்ற முடியுமாயின், பிற இடத்து உயிர் அவ்வாறே இங்கு வரவும் முடியும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் செடிகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதன் காரணங்களுள் இத்தகைய ஆபத்தும் அடங்கும்.

கமக்காரர் செய்யத்தக்கன

1. பிறநாட்டுச் செடி, கிழங்கு, மண் ஆகியவற்றை உத்தரவின்றிக் கொண்டுவரலாகாது. உறவினர் அன்பளிப்பாகக் கொடுப்பினும் ஏற்கலாகாது.

2. வெளியூரிலிருந்து லொறியில் வரும் மரக்கன்று, எரு, வைக்கோல் ஆகியவற்றை இறக்கும் இடத்திலேயே சோதித்தல் வேண்டும். பொலித்தீன் பையின் அடிமண்ணில் முட்டை இருக்கிறதா என்று பார்த்த பின்னரே கன்றை நடுதல் நன்று.

3. வளர்த்த ஆமையையோ ஓணானையோ குளம், கிணறு, வயல் ஆகியவற்றில் விடலாகாது. வளர்க்க இயலாதவர் வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் ஆலோசனை பெறுதல் வேண்டும்.

4. அடையாளத்தை அறிதல் வேண்டும். செங்காது ஆமையின் கண்ணுக்குப் பின்னே சிவந்த கோடு இருக்கும். முதிர்ந்தவற்றில் இது மங்கலாம். இகுவானாவின் முதுகில் முட்கள் வரிசையாக நிற்கும். தொண்டையின் கீழ்த் தோல் தொங்கும். காதின் கீழே வட்டமான பெருஞ்செதில் ஒன்று காணப்படும். உடும்புக்கு இவை இல்லை. அதன் நாக்கு நீண்டு பிளவுபட்டிருக்கும். பச்சோந்தியின் வால் சுருளும்.

5. அறியாத ஊர்வனவற்றைக் கண்டால், எட்ட நின்று கைத்தொலைபேசியிற் படமெடுத்து, கண்ட இடத்தையும் நாளையும் குறித்து, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்துக்கோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ உடனே அறிவித்தல் வேண்டும். எப்பாம்பையும் கையாற் பிடித்தலாகாது.

6. ஐயத்தின் பேரில் இந்நாட்டு ஊர்வனவற்றைக் கொல்லலாகாது. சாரைப்பாம்பு வயலெலியைத் தின்னும். அரணையும் ஓணானும் பூச்சிகளைத் தின்னும். இவற்றைக் கொன்றவர் எலிக்கும் பூச்சிக்கும் வழி திறந்தவராவர்.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது முதியோர் மொழி. கிராண்ட் கேமனில் பத்து இலட்சத்தைக் கொல்ல வேண்டியதாயிற்று. அவ்வினம் அங்கே முதன்முதலாகக் காணப்பட்டபோது சிலரின் கவனமே போதுமானதாயிருந்திருக்கும். எந்தத் தேசப்படத்திலும் பண்டத்தரிப்பின் தனித்தோட்டம் ஒன்று காணப்படாது. அத்தோட்டத்துக்குள் புதிதாக ஒன்று நுழைவதை முதலிற் காண்பவர், விடியலில் நீர் இறைக்கப் போகும் கமக்காரரே. அவர் கண்டதை அன்றே அறிவிப்பாராயின், அவர் தோட்டம் மட்டுமன்றி ஊர் முழுவதும் காக்கப்படும்.