பூனைப் பிணியும் எதிருயிரி மருந்தும்

வீட்டுப் பூனைக்கு நோய் கண்டவிடத்து நம்மவர் பலர் முதற்கண் நாடுவது மருத்துவரை அன்று. தம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கி, எஞ்சி, அலமாரியிற் கிடக்கும் மாத்திரையையே. மனிதனுக்கு நன்மை செய்தது பூனைக்குத் தீமை செய்யுமோ என்பது அவர் வாதம். அவ்வாதம் எத்துணைப் பிழைபட்டது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆன்டிபயாட்டிக் என்பதனை நுண்ணுயிர்க்கொல்லி என்பாரும் எதிருயிரி என்பாரும் உளர். பாக்டீரியாவைக் கொல்லாது அதன் பெருக்கத்தை மட்டும் தடுப்பனவும் இவற்றுள் உளவாதலின், பின்னதே நமக்கு உடன்பாடு. 1928ஆம் ஆண்டிற் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, அளவிற் குறைந்த மருந்து கிருமியைக் கொல்லாது, எதிர்த்து நிற்கும் ஆற்றலை அதற்குக் கற்பித்துவிடும் என்று எச்சரித்தார்.

பூனைக்கு எதிருயிரி மெய்யாகவே வேண்டப்படும் நோய்களுள் ஒன்று, கடியாலாகிய சீழ்க்கட்டி. மூலக்குளத்து மதில்களின்மேல் ஆண்பூனைகள் இரவிற் பொருவதைக் கேளாதார் இலர். பூனையின் கோரைப்பல் ஊசிபோற் கூரியது. அது துளைத்த புண்வாய் விரைவில் மூடிக்கொள்ள, பல்லின்வழிப் புகுந்த பாஸ்டுரெல்லா முதலிய கிருமிகள் தோலின்கீழ்ச் சிறைப்பட்டுப் பெருகும். (இப்பெயர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டரின் நினைவாக இடப்பட்டது. 1954 வரை பிரெஞ்சியர் ஆண்ட புதுவையில் அவர் பெயர் பூனைக்கடியிலும் வந்து நிற்பது விந்தையே.) சில நாளிற் கன்னமோ வாலடியோ வீங்கும், பூனை உணவை மறுத்து மறைவிடம் தேடும். இவ்விடத்துத் தலையாய சிகிச்சை மருந்து அன்று. கட்டியைத் திறந்து சீழை வெளியேற்றிக் கழுவுதலே. சீழ் நிறைந்த குழியினுள் மருந்து செவ்வனே சென்று சேராது. அதன்பின் வேண்டுமாயின் அமாக்ஸிசிலினோ, கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த அமாக்ஸிசிலினோ அளிக்கப்படும்.

நம் தெருவில் ஒரு வீட்டார் தம் பூனையின் கன்னவீக்கத்திற்கு எஞ்சிய மாத்திரையிற் சிறு துண்டை இரண்டு நாள் பாலிற் கரைத்து வைத்தனர். வீக்கம் சற்றே வடிந்தது, மருந்தை நிறுத்தினர். எட்டாம் நாள் கட்டி மீண்டும் எழுந்து கண்ணை மறைத்தது. கால்நடை மருத்துவர் ஒருவர் அதனைக் கீறி, நிறுத்தளந்து மருந்து கொடுத்தபின்னரே பூனை பிழைத்தது.

நிறுத்தளத்தல் என்றோம், அதனை விளக்குவாம். மேற்கூறிய கூட்டு மருந்து, உடலெடையிற் கிலோ ஒன்றுக்கு 12.5 மில்லிகிராம் வீதம், நாளைக்கு இருமுறை கொடுப்பது பொது வழக்கு. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு வேளை அளவு 50 மில்லிகிராம் ஆகும். கடையில் மனிதர்க்கு விற்கும் மாத்திரையோ 625 மில்லிகிராம். பன்னிரண்டரைப் பங்கிட்டு ஒன்றைப் பிரித்தெடுக்கும் கத்தி எவ்வீட்டில் உளது? எத்தனை நாள் என்பதும் மருத்துவர் வரையறுப்பதே. நோய் தணிந்ததென்று நாமே நிறுத்துதலும், தணியவில்லையென்று நாமே நீட்டுதலும் ஒன்றுபோலத் தவறு.

இனி, மருந்தே வேண்டாத நோய்களும் பல. தும்மலும் கண்ணீரும் கொண்டு வரும் பூனைச்சளி பெரும்பாலும் ஹெர்ப்பீஸ், கலிசி என்னும் வைரசுகளால் விளைவது. எதிருயிரி அவற்றைத் தீண்டாது. வட்டவட்டமாய் மயிருதிரும் படர்தாமரை பூஞ்சையால் வருவது. ஆண்பூனை மண்தொட்டியிற் பலகால் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வாராதாயின், அது நீர்த்தாரை அடைப்பு. மாத்திரை தேடிக் காலம் போக்கின் ஓரிரு நாளில் உயிர் போகும்.

பூனையின் ஈரல் தனித்தன்மையுடையது. சில மருந்துகளைக் குளுக்குரோனைடாக மாற்றிக் கழிக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. எதிருயிரியோடு சேர்த்துப் பலரும் கொடுக்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும்: ஈறு பழுப்பு நிறமாகும், முகம் வீங்கும், மூச்சுத் திணறும். எதிருயிரிகளுள்ளும் என்ரோஃபிளாக்ஸசின் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமை விஞ்சின் விழித்திரை கெட்டுக் குருடாக்கக்கூடும். டாக்ஸிசைக்கிளின் மாத்திரையை உலர விழுங்கச் செய்யின் அது உணவுக்குழலில் தங்கி அரித்துத் தழும்பால் வழியை அடைக்கும். ஆதலின் உடனே பீச்சாங்குழலாற் சிறிது நீர் புகட்டுதல் வேண்டும். மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, அருகிருந்து மருந்து கொடுப்பானையும் ஒரு கூறாக வைத்தது எத்துணைப் பொருத்தம்!

எதிர்த்து நிற்கும் கிருமி பூனையோடு நில்லாது. மடியிற் கிடத்தி வளர்ப்பவர்க்கும் தொற்றலாம். 2012இல் இந்திய மருத்துவர்கள் கூடிச் சென்னைப் பிரகடனம் வெளியிட்டதும், 2014 மார்ச்சு முதல் எச்1 பட்டியலிலுள்ள எதிருயிரிகளை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாது, விற்பனையைப் பதிவேட்டிற் பதிதல் வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்ததும் இவ்வச்சத்தாலேயே.

மூலக்குளத்தார் மருத்துவம் நாடி நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. அணித்தே குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் உளது. எம்மருத்துவரிடம் செல்லினும், வீட்டில் முன்னரே கொடுத்த மாத்திரை எதுவாயினும் அதன் உறையை உடன்கொண்டு செல்க. எப்பொழுது, எத்துணை கொடுத்தோம் என்பதை மறையாது கூறுக.