உடல் எடைக்கு ஆபரேஷன்: முடிவெடுக்கும் முன்பும் அதன் பிறகும்

என் அக்கா வீட்டு அடுக்களையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பருப்புச் சாதம் ஊட்டுகிற அளவுதான். நாலு வருடமாக அக்காவின் சாப்பாடு அதில்தான். முதலில் முட்டையோ கெட்டிப் பருப்போ, அப்புறம் காய், வயிற்றில் இடம் மிச்சமிருந்தால் இரண்டு வாய் சோறு. பல நாள் மிச்சம் இருக்காது. 104 கிலோ எடையும் ஏழு வருடச் சர்க்கரையுமாக இருந்தவள், இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்துகொண்டு இப்போது 79 கிலோவில் இருக்கிறாள். "எங்க வீட்லயும் ஒருத்தருக்கு டாக்டர் சொல்றாரு, பண்ணலாமா?" என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை. முதல் ஆலோசனையிலிருந்து இன்றுவரை அக்காவோடு கூடவே போய்வருகிறவள். அப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பலர் இதைக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் என்று நினைக்கிறார்கள். இந்த அறுவையில் கொழுப்பைத் தொடுவதே இல்லை. நம் நாட்டில் அதிகம் நடப்பது இரண்டு வகை. ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலாகவோ ஸ்டேப்ளர் கருவியால் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை. இரைப்பையின் மேற்பகுதியில் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பார்கள். சாப்பாடு மீதி இரைப்பைக்கும் குடலின் முதல் பகுதிக்கும் போகாமல் இறங்கிவிடும். இரண்டுமே பெரும்பாலும் சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பியில் நடப்பவை.

பை சின்னதாவது பாதிக் கதைதான். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது ஸ்லீவில் வெட்டி எடுக்கும் அந்த மேல் வளைவில். சாப்பாடு சீக்கிரமே சிறுகுடலை எட்டுவதால், "போதும்" என்று மூளைக்குச் சொல்கிற, இன்சுலினைத் தூண்டுகிற ஹார்மோன்கள் கூடுகின்றன. அதனால்தான் எடை இறங்குவதற்கு முன்பே, அறுவை முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை அளவு இறங்குவதைப் பலரிடம் பார்க்கிறோம்.

அக்கா சேர்க்கப்பட்ட அன்று சொந்தக்காரர் ஒருவர் போனில் சொன்னார்: "வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கப் போறா." அந்த வார்த்தை அவளை எவ்வளவு காயப்படுத்தியது என்று எனக்குத் தெரியும். பத்து வருடத்தில் மூன்று முறை பதினைந்து கிலோவுக்கு மேல் குறைத்தவள் அவள். மூன்று முறையும் எடை திரும்பி வந்தது. பட்டினி கிடந்து எடை குறைத்தால் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. பசி ஹார்மோன் ஏறுகிறது, செலவழிக்கும் சக்தியை உடம்பு குறைத்துக்கொள்கிறது. மிகுந்த உடல் பருமன் உள்ளவர்களிடம் இந்த இழுவை மிகவும் பலமானது. இதை மன உறுதி இல்லாமை என்று பேசுவது அநியாயம்.

யாருக்குச் செய்யலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அக்காவின் உயரம் 156 சென்டிமீட்டர். 104 கிலோவில் அவளுக்கு வந்தது 42.7. மேலை நாடுகளில் 1991 முதல் நெடுங்காலம் 40 என்றும், கூடவே நோய்கள் இருந்தால் 35 என்றும் எல்லை வைத்திருந்தார்கள். நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுவதால், இந்திய மருத்துவர்கள் 37.5 என்றும், நோய்கள் இருந்தால் 32.5 என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். 2022-ல் உலகளாவிய வழிகாட்டுதலும் எல்லையைக் கீழே இறக்கியது. காப்பீட்டுக்காரர்கள் பார்ப்பது வேறு எண். நம் ஊர்ப் பாலிசிகளின் பொது வாசகத்தில் 40, அல்லது கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதய நோய் போன்றவற்றோடு 35 என்றுதான் இருக்கும். மருத்துவர் "செய்யலாம்" என்று சொல்லியும் காப்பீடு மறுக்கப்படுவது இந்த இடைவெளியால்தான். செலவு தனியாரில் சில லட்சங்கள் ஆகும் என்பதால், பாலிசியின் அந்தப் பக்கத்தை முதலிலேயே படித்துவிடுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது. அங்கேயும் விசாரிக்கலாம்.

பலன் என்ன? 1987-ல் ஸ்வீடனில் தொடங்கிய ஓர் ஆய்வு, அறுவை செய்துகொண்ட சுமார் இரண்டாயிரம் பேரையும் செய்யாத இரண்டாயிரம் பேரையும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவு என்று 2007-ல் அறிவித்தார்கள். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் சர்க்கரை நோயாளிகள் 150 பேரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6-ஐத் தாண்டாமல் இருந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்த குழுவில் நூற்றுக்கு 5 பேர், ஸ்லீவில் 23 பேர், பைபாஸில் 29 பேர். மருந்தைவிட அறுவை பல மடங்கு நல்லது என்று இந்த எண்கள் சொல்கின்றன. அறுவை செய்தவர்களிலும் பெரும்பாலோர் அந்த அளவை எட்டவில்லை என்றும் சொல்கின்றன. சர்க்கரை வந்து சில வருடங்களே ஆனவர்களுக்கும் இன்சுலின் போடாதவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். "சர்க்கரை அடியோடு போயிடும்" என்று எந்த விளம்பரம் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எடையைப் பற்றியும் அப்படித்தான். மொத்த எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் குறையும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அக்கா ஒன்றரை வருடத்தில் 75 வரை இறங்கி, அப்புறம் நாலு கிலோ ஏறினாள். இன்றும் அட்டவணைப்படி அவள் பருமனானவள்தான். ஆனால் நாலு சர்க்கரை மாத்திரை ஒன்றாகிவிட்டது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை. இரவு குறட்டையும் திடுக்கிட்டு எழுவதும் நின்றுவிட்டன. கல்யாணப் புகைப்படத்தில் இருந்த பெண்ணைத் திரும்பக் கொண்டுவருவதற்காக இந்த அறுவைக்குப் போகிறவர்கள் மனம் உடைந்துபோவதை மருத்துவமனை வராந்தாவில் பார்த்திருக்கிறேன்.

இப்போது எடை குறைக்கும் ஊசிகளும் வந்துவிட்டன. மவுஞ்சாரோவும் வீகோவியும் 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்தன. ஆய்வுகளில் வீகோவி சராசரியாக 15 சதவீதமும், மவுஞ்சாரோ உச்ச அளவில் 20 சதவீதத்தை ஒட்டியும் எடையைக் குறைத்தன. நிறுத்தினால் எடையில் பெரும்பங்கு திரும்பி வருகிறது. பி.எம்.ஐ. எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் முதலில் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதே சரி என்பது என் எண்ணம். 45, 50 என்று இருப்பவர்களுக்கும், மாதாமாதம் ஆயுள் முழுக்க ஊசி வாங்க முடியாதவர்களுக்கும் அறுவைதான் இன்னும் பலமான வழி.

ஸ்லீவா பைபாஸா என்பதை எண்டோஸ்கோப்பி பார்த்த பிறகு மருத்துவர் முடிவு செய்வார். நீங்கள் சொல்ல வேண்டியது நெஞ்செரிச்சலைப் பற்றி. புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் ஏற்கனவே கடுமையாக இருந்தால் ஸ்லீவ் அதைக் கூட்டிவிடும், பைபாஸ் நல்லது. ஸ்லீவ் செய்துகொண்ட அக்காவுக்கு முன்பு அந்தத் தொந்தரவு இல்லை, இப்போது இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுகிறாள்.

ஆலோசனை நாளில் என் மனதில் தைத்தது உணவியல் நிபுணர் கேட்ட கேள்வி. அறிக்கைகளை ஓரமாக வைத்துவிட்டு, "உங்க வீட்ல சமைக்கிறது யாரு?" என்றார். அக்காவும் அவள் மாமியாரும் என்றோம். "அடுத்த தடவை அவங்களையும் உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்குப் புரியாம நான் தேதி குறிக்க விடமாட்டேன்" என்றார். அத்தானுக்கு அன்று கோபம்தான் வந்தது. எனக்கு இன்றைக்கு அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அறுவை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு இன்றுவரை நடப்பதெல்லாம் அந்த அடுக்களையில்தான்.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் மாவும் கொழுப்பும் மிகக் குறைந்த சாப்பாடு. கொழுப்பேறிய கல்லீரல் இரைப்பையின் மேல் கவிந்திருப்பதால், அது சுருங்கினால்தான் கருவிக்கு இடம் கிடைக்கும். புகைப்பவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும். மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொல்வார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கவலை வந்தால் சாப்பாட்டில் ஆறுதல் தேடியவர்களுக்கு அந்தக் கதவு திடீரென்று மூடிவிடும். கவலை அப்படியேதான் இருக்கும். அறுவைக்குப் பின் சிலருக்கு மனச்சோர்வு வருவதும், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களில் சிலர் இரண்டாம் வருடத்தில் குடிக்கு அடிமையாவதும் பதிவாகியிருக்கின்றன. பைபாஸுக்குப் பின் மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறும்.

ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. அனுபவமுள்ள மையங்களில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒன்று, இரண்டு என்ற அளவில் இருக்கிறது. பயப்பட வேண்டியது ஸ்டேப்ளர் போட்ட வரிசையில் கசிவு. நூற்றில் ஒருவருக்கு வரலாம். வீடு திரும்பிய பிறகும் வரும். காய்ச்சல், நாடி 120-க்கு மேல் துடிப்பது, இடது தோளில் வலி, வயிற்றுவலி கூடிக்கொண்டே போவது: இவற்றில் எது இருந்தாலும் "விடியட்டும்" என்று இருக்காதீர்கள். அறுவை செய்த இடத்துக்கே உடனே ஓடுங்கள்.

முதல் இரண்டு வாரம் நீராகாரம். முப்பது மில்லி மருந்து மூடியில் அளந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு வாய். அடுத்து மசித்தது, அடுத்து குழைந்தது, ஆறு வாரம் வாக்கில் சாதாரணச் சாப்பாடு. அக்கா முதன்முதலில் அரை இட்லி சாப்பிட்ட காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு விள்ளலையும் கூழாகும்வரை மென்று, நடுவில் கரண்டியைக் கீழே வைத்து, அரை மணி நேரம் ஆனது. கடைசி விள்ளலில் விக்கல் வந்தது, மூக்கில் நீர் வடிந்தது. வயிறு நிரம்பிவிட்டது என்பதற்கு அவளுக்கு அதுதான் அடையாளம். அதற்கு மேல் ஒரு வாய் போனாலும் நெஞ்சில் அடைத்து வாந்திதான். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் விட்டுத்தான்.

ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். நம் சமையலில் இது கஷ்டம். சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் பனீரில் ஏறக்குறைய 18 கிராம். மீன், கோழி சாப்பிடுகிறவர்கள் சமாளித்துவிடலாம். சைவ வீடுகளில் சுண்டல், பனீர், கெட்டித் தயிர் என்று திட்டம் போட்டே ஆக வேண்டும், கூடவே புரதப் பொடியும். மூன்றாம் மாதம் அக்காவுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. எடை வேகமாக இறங்குவதால் வருவது அது. ஒரு வருடத்துக்குள் திரும்ப முளைத்தது. தொங்கிய கைச்சதையும் வயிற்றுத் தோலும் அப்படித் திரும்பவில்லை. முழுக்கை ரவிக்கை தைத்துக்கொள்கிறாள்.

கல்யாணப் பந்திதான் பெரிய சோதனை. இலையின் மூலையில் வைத்த இனிப்பிலிருந்து பாயசம் வரை யாராவது வற்புறுத்துவார்கள். பைபாஸ் செய்தவர்கள் பாயசம் குடித்தால் சற்று நேரத்தில் வியர்த்து, படபடத்து, வயிறு கலக்கிவிடும். ஸ்லீவில் அந்தத் தடை குறைவு. முறுக்கும் மிக்சரும் ஐஸ்கிரீமும் சர்க்கரை போட்ட காபியும் அந்தக் குழாயில் சுலபமாக இறங்கிவிடும். அக்காவின் அந்த நாலு கிலோ அப்படி வந்ததுதான். எடை கொஞ்சம் ஏறியதும் வெட்கப்பட்டு மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் எல்லாம் கைவிட்டுப் போகிறது. கொஞ்சம் திரும்பி ஏறுவது எல்லோருக்கும் நடப்பது. அதற்கும் வழி இருக்கிறது, ஊசி உட்பட.

மாத்திரைகள் ஆயுளுக்கும். மல்டிவைட்டமின், பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முதல் ஆறு மாதம் பித்தப்பையில் கல் வராமலிருக்க ஒரு மாத்திரை தருவார்கள். பைபாஸ் செய்தவர்கள் டைக்ளோஃபினாக், ஐபூபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. இணைத்த இடத்தில் புண் வரும். இளம் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எடை குறையக் குறைய, பி.சி.ஓ.டி.யால் நின்றுபோன மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கருத்தரிக்கலாம். அறுவைக்குப் பின் ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று பி1 வைட்டமின். நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் அது உடம்பில் தீர்ந்துபோகும். பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். அந்த நிலையில் பக்கத்து ஆஸ்பத்திரியில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். பி1 ஊசி முதலில் போக வேண்டும். அக்காவின் பர்ஸில், ஆதார் அட்டைக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சின்னக் காகிதம் இருக்கிறது. அத்தான் தன் கையால் எழுதியது. "இவருக்கு இரைப்பையில் ஸ்லீவ் அறுவை ஆகியிருக்கிறது. வாந்தி என்றால் குளுக்கோஸுக்கு முன் தயமின் கொடுக்கவும்." கீழே அவருடைய போன் நம்பர், அடுத்த ரத்தப் பரிசோதனைக்கான மாதம். மாதத்தை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறார், வருடா வருடம் அழித்து எழுத வேண்டும் என்பதால்.