ஸ்பீக்கரின் ரீஸ்டார்ட் யார் கையில்?

வைஃபையில் ஓடும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது. சோனோஸின் மேசை ஸ்பீக்கர், அமேசான் எக்கோ, ஆப்பிள் ஹோம்பாட், கூகுள் நெஸ்ட் எல்லாமே பிளக்கில் செருகிய நிமிடத்திலிருந்து விழித்தே இருக்கும்படி செய்யப்பட்டவை. பாட்டு ஓடாத நேரத்திலும் உள்ளே ஒரு சின்னக் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. கணினி என்றால் அவ்வப்போது சிக்கிக்கொள்ளத்தான் செய்யும். ஆப்பில் ஸ்பீக்கரின் பெயர் தெரியாது. தெரிந்தாலும் பாட்டு வராது. இரண்டு அறையில் ஒரே பாட்டைப் போட்டால் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் முதலில் வருவது ஒரே பதில்: பிளக்கைப் பிடுங்குங்கள், கொஞ்சம் பொறுத்து மறுபடி செருகுங்கள்.

மேசை மேல் இருக்கும் ஸ்பீக்கருக்கு அது சரி. சுவரில் உயரே மாட்டியதற்கும், ஃபால்ஸ் சீலிங்கில் பதித்ததற்கும், டிவி அலமாரிக்குப் பின்னால் ஒயர் ஒளித்ததற்கும் ஏணி வேண்டும், அல்லது அலமாரியை நகர்த்த இன்னொரு ஆள் வேண்டும். மகனோ மகளோ வாங்கி வைத்துவிட்டுப் போன ஸ்பீக்கரோடு தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரரிடம் “குனிந்து பிளக்கைப் பிடுங்குங்கள்” என்று சொல்வது உதவியே அல்ல. கை படாமல் ரீஸ்டார்ட் செய்ய ஒரு வழி இருந்தாக வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. வழியும் இருக்கிறது. அந்த வழி உங்களைத் தவிர வேறு யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்பதில்தான் வில்லங்கம்.

எளிதானதை முதலில் சொல்லிவிடலாம். கூகுள் ஸ்பீக்கராக இருந்தால், போனை அதே வைஃபையில் இணைத்துக்கொண்டு கூகுள் ஹோம் ஆப்பில் அந்த ஸ்பீக்கரைத் திறந்து, அமைப்புகளுக்குள் மூன்று புள்ளியைத் தொட்டால் ரீஸ்டார்ட் வரும். ஹோம்பாடுக்கு ஆப்பிளின் ஹோம் ஆப்பில், அமைப்புகளின் கடைசியில் உள்ள ‘ரீசெட் ஹோம்பாட்’ என்பதற்குள் ரீஸ்டார்ட் இருக்கிறது. அவசரத்தில் பக்கத்து வரியைத் தொட்டுவிடாதீர்கள். அது ஹோம்பாடை உங்கள் வீட்டுப் பட்டியலிலிருந்தே நீக்கி, புதுப்பெட்டி நிலைக்குக் கொண்டுபோய்விடும். எக்கோவுக்குப் பிளக்கைப் பிடுங்குவதே அமேசானின் வழக்கமான அறிவுரை.

ரீஸ்டார்ட் வேறு, ஃபேக்டரி ரீசெட் வேறு. முன்னது தூங்கி எழுவது. பின்னது கணக்கு, வைஃபை பாஸ்வேர்டு, அறைப் பெயர் எல்லாவற்றையும் அழித்துவிடும். கூகுள் ஸ்பீக்கரை ஆப் வழியாக ஃபேக்டரி ரீசெட் செய்ய முடியாது. அதற்கு ஸ்பீக்கரில் கை வைத்தே ஆக வேண்டும். நல்ல ஏற்பாடு என்பேன். சோனோஸில் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பிளக்கைச் செருகினால் அது ஃபேக்டரி ரீசெட்டுக்குப் போகும். இருட்டில் அலமாரிக்குப் பின்னால் தடவிச் செருகுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி சோனோஸ் கதை. கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 2002இல் தொடங்கிய நிறுவனம் இது. இதன் ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் ஒரு குட்டி இணையதளம் ஓடுகிறது. அதே வைஃபையில் இருக்கும் எந்த உலாவியிலும் ஸ்பீக்கரின் ஐபி முகவரியை அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 1400 என்ற போர்ட் எண்ணைப் போட்டு, சாய்கோட்டுக்குப் பின் ஆங்கிலத்தில் ‘ரீபூட்’ என்று எழுதினால் போதும், பல ஆண்டுகள் ஸ்பீக்கர் மறுபேச்சில்லாமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு கிடையாது. ‘நிச்சயமாகவா?’ என்ற கேள்விகூடக் கிடையாது. ஏணி ஏறிச் சலித்தவர்களுக்கு இது வரப்பிரசாதம். சிலர் ஒரு சின்ன நிரல் எழுதி, வீட்டிலுள்ள எல்லா ஸ்பீக்கரையும் தினமும் விடியற்காலையில் தானாக ரீஸ்டார்ட் ஆக வைத்தார்கள்.

பூட்டில்லாத கதவு வீட்டுக்காரருக்கு மட்டும் திறக்காது. உங்கள் வைஃபையில் நுழைந்த விருந்தாளியின் போனும், நோய் பிடித்த லேப்டாப்பும், மலிவு விலையில் வாங்கிய கேமராவும் அதே முகவரியைத் தட்டலாம். இன்னும் ஒரு படி மேலே, வெளியில் உள்ள ஒரு வலைப்பக்கமே உங்கள் உலாவியை ஏமாற்றி, உங்கள் வீட்டுக்குள் இருக்கும் கருவியிடம் பேச வைக்கலாம். டிஎன்எஸ் ரீபைண்டிங் என்ற இந்தத் தந்திரத்தால் கூகுள் ஹோம், ரோக்கு, சோனோஸ் கருவிகளை அணுக முடியும் என்று 2018 ஜூனில் ஓர் ஆய்வாளர் செய்து காட்டினார். உங்கள் பங்குக்கு நீங்கள் செய்யவேண்டியதெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பதுதான். பின்னாளில் சோனோஸின் ரீபூட் பக்கம் மாறியது. முகவரியை அடித்ததும் ரீஸ்டார்ட் ஆவதற்குப் பதில் ஒரு பொத்தான் வந்தது. பொத்தானுக்குப் பின்னால், வேறு தளங்கள் போலியாக அனுப்ப முடியாத ஒரு ரகசியக் குறி ஒட்டிக்கொண்டது. நிரல் எழுதி வைத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மாற்றம் சரியானதுதான்.

வீட்டு வைஃபைக்குள் இவ்வளவு என்றால், அதையே இணையத்துக்குத் திறந்துவிட்டால்? 2017 டிசம்பரில் டிரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் தேடிப் பார்த்தபோது, ஆயிரக்கணக்கான சோனோஸ் ஸ்பீக்கர்களும் சில நூறு போஸ் ஸ்பீக்கர்களும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் தட்டும்படி வெட்டவெளியில் நின்றன. முன்பின் தெரியாதவர் உங்கள் ஹாலில் எந்தச் சத்தத்தையும் ஒலிக்க விடலாம். அந்தச் சத்தம் பக்கத்தில் இருக்கும் அலெக்ஸாவுக்குக் கட்டளையாகவும் இருக்கலாம். 2019 ஜனவரியில் இது விளையாட்டாகவே நடந்தது. ரவுட்டர் தவறுதலாகத் திறந்துவைத்த போர்ட் வழியாக, பல நாடுகளில் குரோம்காஸ்ட் இணைத்த டிவிகளில் ஒரு யூடியூப்காரருக்கு விளம்பரம் ஓடியது. படம் காட்டிய கை நினைத்திருந்தால் ரீஸ்டார்ட்டும் செய்திருக்கும், ரீசெட்டும் செய்திருக்கும்.

வெளியூரிலிருந்து வீட்டு ஸ்பீக்கரை ரீஸ்டார்ட் செய்ய ஆசைப்பட்டு, ரவுட்டரில் 1400 போர்ட்டை வெளியே திறந்துவிடுவது கூடவே கூடாது. தேவை உண்மையானால் வீட்டுக்கு ஒரு விபிஎன் அமைத்து அதன் வழியாக உள்ளே வாருங்கள். இப்போதைய ரவுட்டர்கள் பலவற்றில் அந்த வசதி கூடவே வருகிறது. ரவுட்டரில் யுபிஎன்பி என்ற அமைப்பு இருந்தால் அணைத்து வையுங்கள். கருவிகள் உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்வது அதன் வழியாகத்தான். விருந்தாளிகளுக்கும் மலிவுக் கேமராக்களுக்கும் கெஸ்ட் வைஃபை கொடுங்கள்.

ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி, போனிலேயே கரண்ட்டை நிறுத்திப் போடுவது இன்னொரு வழி. எனக்கு இதில் அரை மனதுதான். மென்பொருள் அப்டேட் ஓடும் நேரத்தில் மின்சாரம் போனால் ஸ்பீக்கர் எழாமலே போகலாம். அதோடு, வைஃபை படுத்திருந்தால் ஸ்மார்ட் பிளக்கும் சேர்ந்து படுத்திருக்கும். எதற்காக வாங்கினோமோ அந்த நேரத்தில் உதவாது.

நம் ஊரில் ஸ்பீக்கர் சிக்கிக்கொள்வதற்குப் பெரிய காரணம் ஸ்பீக்கரே அல்ல, கரண்ட் கட். மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் எழுகின்றன. ரவுட்டர் முழுதாக எழுவதற்குள் ஸ்பீக்கர் வைஃபையைத் தேடிக் களைத்துவிடுகிறது. அல்லது பழைய ஐபி முகவரி வேறொரு கருவிக்குப் போயிருக்கும். ஸ்பீக்கரை மட்டும் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் இது தீராது. முதலில் ரவுட்டர், இணையம் வந்தபின் ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக என்ற வரிசையில் எழுப்ப வேண்டும். ரவுட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டு, அதன் அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நிலையான முகவரி ஒதுக்கிவிட்டால் தொல்லை பாதி குறையும். தினமும் ரீஸ்டார்ட் செய்தால்தான் ஓடுகிறது என்ற நிலை வந்துவிட்டால் அது பராமரிப்புக் கணக்கில் வராது, பழுதுக் கணக்கில்தான் வரும்.

பழுது என்றால் உரிமை வருகிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்கும் பொருந்தும். வாங்கும்போது சொன்னபடி ஸ்பீக்கர் இயங்கவில்லை, அல்லது விற்பனைக்குப் பிந்தைய சேவை சரியில்லை என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். முன்பெல்லாம் விற்றவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியிருந்தது. புதிய சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஸ்பீக்கர் எந்தெந்தத் தேதியில் நின்றது, நீங்கள் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தீர்கள், சேவை மையம் என்ன சொன்னது என்பதை எழுதி வைத்திருந்தால் அதுவே சாட்சி. போனில் பேசி முடித்ததையும் ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள்.

ரீஸ்டார்ட் செய்து தீராத பழுது ஒன்றும் உண்டு. நிறுவனமே ஆதரவை நிறுத்திவிடுவது. 2020 ஜனவரியில் சோனோஸ், தன் பழைய ஸ்பீக்கர்கள் சிலவற்றுக்கு அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து புதிய அப்டேட் கிடையாது என்று அறிவித்தது. அதற்குச் சற்று முன்பு, பழையதைக் கொடுத்துப் புதியதில் தள்ளுபடி வாங்க ‘ரீசைக்கிள் மோட்’ என்று ஒன்றை வைத்திருந்தது. அதைத் தொட்டுவிட்டால் நன்றாக ஓடும் ஸ்பீக்கரும் சில வாரங்களில் நிரந்தரமாக முடங்கும். எதிர்ப்பு கிளம்பியபின் அதைக் கைவிட்டார்கள். 2024 மே மாதம் வந்த புதிய ஆப், பல வசதிகளைக் காணாமல் அடித்தது. வாடிக்கையாளர்களின் கோபம் அடங்காமல், 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் பதவி விலகினார். ஸ்பீக்கர் உங்கள் அலமாரியில் இருந்தாலும் அதன் உயிர் வேறொரு நாட்டு சர்வரில் இருக்கிறது என்பதை அப்போது பலர் உணர்ந்தார்கள்.

இந்த இடத்தில் மற்ற நாடுகள் நம்மைவிட முன்னே நிற்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு சேரும் கருவியை விற்பவர் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதிவரை கிடைக்கும் என்று சொல்லியே ஆக வேண்டும். எல்லாக் கருவிக்கும் பொதுவான பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுதாக அமலுக்கு வருகிறது. பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டு ஆதரவு தர வேண்டும் என்கிறது அது. நம் நாட்டில் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021இல் இத்தகைய கருவிகளுக்கு ஒரு நெறிமுறை வெளியிட்டது. அது கட்டாயமாக வரவில்லை, அறிவுரையாகத்தான் வந்தது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும்: அப்டேட் எதுவரை வரும், ஆப்பில் ரீஸ்டார்ட் இருக்கிறதா, நிறுவனத்தின் சர்வர் நின்றால் இது பாடுமா?

அப்டேட்டுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், ஸ்பீக்கரில் மைக்கும் இருக்கிறது. சோனோஸ் ஒன் ஸ்பீக்கரின் வைஃபைப் பகுதியில் இருந்த ஓட்டையால் வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்க முடியும் என்று என்சிசி குரூப் ஆய்வாளர்கள் 2024இல் விளக்கினார்கள். ஓட்டை அதற்கு முந்தைய ஆண்டே அப்டேட்டில் அடைபட்டுவிட்டது. அப்டேட் வாங்காத ஸ்பீக்கருக்கு அது அடைபடவில்லை. எத்தனை ரீஸ்டார்ட் செய்தாலும் அடைபடாது.

இன்னொருவர் ஸ்பீக்கரை அனுமதியில்லாமல் ரீஸ்டார்ட் செய்வது குறும்பாகத் தோன்றலாம். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ‘கணினி’ என்ற சொல் மிக விரிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. உரிமையாளரின் அனுமதியின்றி அதன் இயக்கத்தைக் குலைப்பதும், அவர் அதைப் பயன்படுத்த முடியாமல் தடுப்பதும் பிரிவு 43இல் வருகின்றன. இழப்பீடு கேட்டு, தீர்ப்பளிக்கும் அதிகாரியான மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் விண்ணப்பிக்கலாம். நேர்மையற்ற நோக்கமோ மோசடி நோக்கமோ இருந்தால் பிரிவு 66இன்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பெரும்பாலும் அந்த இன்னொருவர் முகம் தெரியாத ஹேக்கர் அல்ல. வீட்டை விட்டுப் போன கணவர், காலி செய்த அறைத்தோழர், ஸ்பீக்கரை மாட்டிக்கொடுத்துத் தன் கணக்கிலேயே பதிந்துவிட்டுப் போன டெக்னீஷியன். நடுராத்திரியில் சத்தம் தானாக ஏறினாலோ, ஆப்பில் நீங்கள் போடாத பாட்டு வரலாற்றில் இருந்தாலோ, பேயைச் சந்தேகிப்பதற்கு முன் ஆப்பின் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். அதில் இருக்கக் கூடாத பெயரைப் பார்த்ததும் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடத் தோன்றும். பொறுங்கள், ரீசெட் ஆதாரத்தையும் அழித்துவிடும். உறுப்பினர் பட்டியல், இயக்க வரலாறு, தேதியோடு கூடிய ஸ்கிரீன்ஷாட் இவற்றை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பெயரைத் திடீரென நீக்கினால் அவருக்குத் தெரிந்துவிடும். வன்முறைக்கு அஞ்சும் சூழல் என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசி, பாதுகாப்பை உறுதி செய்துகொண்டு நீக்குவது நல்லது. சைபர் குற்றப் புகாரை 1930 என்ற எண்ணுக்கு அழைத்தோ, தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ பதியலாம். இதெல்லாம் ஆனபிறகு வைஃபை பாஸ்வேர்டை மாற்றி, ஸ்பீக்கரை ரீசெட் செய்து, உங்கள் பெயரில் புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள்.