பழைய கருவிகள் – 9: லோகோவிலேயே நின்றுவிடும் லேப்டாப்

ஆன் செய்தால் கம்பெனியின் லோகோ வருகிறது, அதோடு சரி. அல்லது விண்டோஸின் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, உள்ளே மட்டும் போக மாட்டேன் என்கிறது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால், என்றோ ஒருநாள் திறக்கிறது. மறுநாள் அதே கதை. பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதிகம் அலைவது இந்த ஒரு கோளாறுக்காகத்தான். அதனால் இந்த வாரம் முழுக்க இதற்கே.

தமிழ்நாட்டில் பழைய லேப்டாப் என்றால், பல வீடுகளில் அது அரசு கொடுத்த லேப்டாப்தான். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் அருகே காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. பத்து ஆண்டுகளுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கொள்முதல் செய்து கொடுத்தது தமிழக அரசு நிறுவனமான எல்காட். அதன் அலுவலகம் நந்தனத்தில், அண்ணா சாலையிலேயே இருக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சைதாப்பேட்டை. பனகல் மாளிகை, நீதிமன்றம் என்று மனு கொடுக்க வருகிறவர்கள் நிறைந்த பகுதி. ஆகவே டைப்பிங், ஜெராக்ஸ் கடைகளும் நிறைய. படித்து முடித்த பிள்ளையின் இலவச லேப்டாப் இப்போது அம்மாவின் கடையில் வேலை பார்ப்பதை இங்கே பார்க்கலாம்.

அப்படியொரு கடையில், லோகோவில் நின்றுபோன லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: “ஃபார்மேட் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க சார். குடுத்துடட்டுமா?”

“உள்ள என்னம்மா இருக்கு?”

“எல்லாமே அதுலதான் இருக்கு. பட்டா மனு, வாரிசு சர்டிஃபிகேட் மனு, வக்கீல் நோட்டீஸ்… எல்லா மாடலும் வானவில்ல அடிச்சு வெச்சிருக்கேன்.”

இந்த வானவில் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தமிழக அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு முன் அரசு அலுவலகங்களிலும் அவற்றைச் சுற்றிய கடைகளிலும் வானவில் போன்ற பழைய எழுத்துரு மென்பொருள்கள்தான் புழங்கின. பல இடங்களில் இன்றும் புழங்குகின்றன. அந்தக் கோப்பைத் திறக்க அந்த எழுத்துரு கணினியில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் திரையில் தெரிவது வெறும் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். ஃபார்மேட் போட்டால் கோப்பும் போகும், அதைப் படிக்க வைக்கிற எழுத்துருவும் போகும். நிறுவிய சிடி எங்கே என்று யாருக்கும் நினைவிருக்காது. ஒரு சின்னக் கடையின் உழைப்பெல்லாம் ஒரே மதியத்தில் காணாமல் போய்விடும்.

அதனால் ஃபார்மேட்டைப் பற்றிப் பேசும் முன், லேப்டாப் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பாதி நோயை அதுவே சொல்லிவிடும்.

பட்டனை அழுத்தியதும் பயாஸ் என்ற சிறு நிரல் முதலில் எழுகிறது. மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறது. கம்பெனி லோகோ தெரிவது இந்த நேரத்தில்தான். இங்கேயே நின்றுவிட்டால் விண்டோஸ் மேல் பழி இல்லை. விண்டோஸின் முறை இன்னும் வரவேயில்லை. விசாரித்த உறுப்புகளில் ஏதோ ஒன்று பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். முதலில் பென் டிரைவ், மவுஸ், பிரிண்டர், மெமரி கார்டு எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். சார்ஜரை எடுத்து, பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். காசு செலவில்லாமல் இதிலேயே எழுந்துவிடும் லேப்டாப்கள் உண்டு.

எழவில்லையா? பவரைத் துண்டித்துவிட்டு, அடியில் உள்ள மூடியைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வெளியே எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது லோகோவைத் தாண்டி, ‘பூட் செய்ய எதுவும் இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் வந்தால், குற்றவாளி பிடிபட்டுவிட்டது. அது டிஸ்க்.

பழைய லேப்டாப்பில் நான் முதலில் சந்தேகப்படுவதும் டிஸ்க்கைத்தான். அரசு லேப்டாப் திட்டத்தின் தொடக்க காலத்தில் கொடுத்தவற்றில் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருந்தது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழலும் தட்டும், அதன் மேல் படாமல் மிதக்கும் ஊசி போன்ற தலையும் கொண்ட இயந்திரம் அது. பள்ளிப் பையில் பஸ் குலுக்கலை எல்லாம் தாங்கியிருக்கிறது. தட்டின் சில இடங்கள் தேய்ந்ததும், அங்கே எழுதியதைப் படிக்க டிஸ்க் மறுபடி மறுபடி முயல்கிறது. விண்டோஸ் தொடங்கத் தேவையான கோப்பு அந்த இடத்தில் இருந்துவிட்டால், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் லேப்டாப்பின் ஓரத்தில் டிஸ்க் விளக்கைக் கவனியுங்கள். விட்டுவிட்டு மின்னாமல் விடாமல் எரிந்துகொண்டிருந்தால் டிஸ்க் திணறுகிறது. காதை வைத்துக் கேட்டால் ‘டிக்… டிக்…’ என்று ஒரே சீராகச் சத்தம் வருகிறதா? அப்படியானால் உடனே அணைத்துவிடுங்கள். இனி அது ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் கோப்புகளுக்கு ஆபத்து.

இந்த நிலையில் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. அதைத்தான் பலரும் முதலில் செய்கிறார்கள்: விண்டோஸின் செக் டிஸ்க் நிரலை ஓட்டுவது. பிழையைத் திருத்துவதற்காக அது டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் படிக்கிறது. தள்ளாடும் டிஸ்க்குக்கு அதுவே கடைசி வேலையாகிவிடலாம். முதலில் கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

காப்பாற்றும் வழி எளிது. வேறொரு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்ற ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள், எல்லாம் இலவசம். லேப்டாப்பை அந்தப் பென் டிரைவிலிருந்தே தொடங்கினால், உள்ளே எதையும் நிறுவாமலே லினக்ஸ் திறக்கும். அங்கிருந்து விண்டோஸ் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுக்கலாம். எழுத்துருக்கள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் மின்ட்டில் உள்ள ‘டிஸ்க்ஸ்’ நிரல், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்பையும் காட்டும். அதில் மாற்றப்பட்ட செக்டார், காத்திருக்கும் செக்டார் என்ற இரண்டு எண்கள் முக்கியம். பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். நகல் எடுக்கும்போதே நின்று நின்று போனால், டிடிரெஸ்க்யூ என்ற நிரல் தெரிந்தவரிடம் கொடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில்தான் திரும்பிவரும்.

டிஸ்க்கைக் கழற்றியும் லோகோவில் நின்றால், மெமரியைப் பாருங்கள். ராம் அட்டையை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு, ‘க்ளிக்’ என்று உட்காரும்படி மறுபடி மாட்டுங்கள். இரண்டு அட்டை இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சைதாப்பேட்டையில் ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி நனைந்து காய்ந்த லேப்டாப் என்றால், போர்டில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

இன்னொன்று, ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போகிறதா? போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்துவிடும். டிஸ்க்கை ஏஎச்சிஐ முறையில் பார்த்துக்கொண்டிருந்தது ஐடிஇ முறைக்கு மாறிவிடலாம். விண்டோஸ் பாதியில் நின்றுவிடும். அந்த அமைப்பைத் திரும்ப மாற்றி, பேட்டரியையும் மாற்றினால் போதும். இதற்குப் போய் ஃபார்மேட் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

அரசு லேப்டாப்களுக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து இருந்தது. இடம் வேண்டும் என்று அந்த லினக்ஸ் பகுதியை அழித்தவர்கள் பலர். எதைத் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் நிரலின் பாதி அந்தப் பகுதியில்தான் இருந்தது. அது போனதும் கறுப்புத் திரையில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற வரியோடு லேப்டாப் நின்றுவிடும். டிஸ்க்குக்கோ கோப்புக்கோ ஒன்றும் ஆகவில்லை. விண்டோஸ் நிறுவும் பென் டிரைவின் பழுதுநீக்கும் பகுதிக்குப் போய் தொடக்கப் பதிவைத் திருத்தினால் எழுந்துவிடும்.

டெஸ்க்டாப் வரை வந்துவிட்டுப் பிறகு உறைந்தால் கதை வேறு. இரண்டு ஆன்ட்டிவைரஸ், கூடவே தொடங்கும் நிரல்கள், 2 ஜிபி மெமரி. சேஃப் மோடில் ஒழுங்காக ஓடினால், கூட வருகிற கூட்டத்தைக் குறையுங்கள்.

டிஸ்க்தான் போயிற்று என்றால் வருத்தப்பட வேண்டாம். அதே இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும்; நாலு ஸ்க்ரூதான் வேலை. சைதாப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் பக்கத்திலேயே கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. பில்லும் வாரன்ட்டியும் உள்ளதையே வாங்குங்கள். சுழலும் தட்டு இல்லாததால் பழைய லேப்டாப்பும் கண்ணுக்குத் தெரியும்படி வேகம் பிடிக்கும். புதிய டிஸ்க்கில் எதை ஏற்றுவது? விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இந்த வயது லேப்டாப்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. மனு அடிக்கவும் இணையம் பார்க்கவும் லினக்ஸ் தாராளமாகப் போதும். வானவில்லில் மட்டுமே இருக்கும் கோப்புகளை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் இதை மட்டும் வாயால் சொல்லிக் கொடுங்கள், முடிந்தால் ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்: “டேட்டாவை காப்பி எடுத்து எனக்குக் காட்டாமல் ஃபார்மேட் போடாதீங்க.” மாற்றிய பழைய டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் பொருள்.

(அடுத்த வாரம்: உப்பிப்போன லேப்டாப் பேட்டரி)