விற்பனைக்கில்லாத முதல்: திருவக்கரை



சரக்கு எடுக்கவும் பாக்கி வசூலிக்கவும் நாம் ஊர் ஊராகச் செல்கிறோம். போன காரியம் முடிந்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுகிறோம். அந்த ஊர் எதை நம்பிப் பிழைக்கிறது என்று நின்று பார்க்க நமக்கு நேரம் வாய்ப்பதில்லை. நம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றையாவது அப்படிப் பார்த்து வருவோம் என்று, இம்முறை திருவக்கரைக்குச் சென்று வந்தோம்.

ஊரும் சுற்றுப்புறமும்

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் புதுச்சேரி செல்லும் சாலையில், பெரும்பாக்கத்தில் பிரிந்து சுமார் 7 கி.மீ. சென்றால் திருவக்கரை. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். செஞ்சி மலைப் பகுதியில் பிறந்து, வீடூர் அணையைக் கடந்து வரும் வராக நதி இவ்வூரையொட்டிச் செல்கிறது. சங்கராபரணி என்பதும் செஞ்சியாறு என்பதும் இதே ஆறுதான். இங்கிருந்து புதுச்சேரிப் பகுதிக்குள் புகுந்து கடலில் கலக்கிறது.

சுற்றிலும் நெல், கரும்பு, உளுந்து, சவுக்கு, மல்லாட்டை. மல்லாட்டை என்றதும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். நம் கடைகளில் பேசப்படும் டி.எம்.வி. ரகங்களில் உள்ள அந்த மூன்று எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்கள் அவை. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய விதை நாட்டின் பல பகுதிகளிலும் முளைத்திருப்பது நமக்குப் பெருமையே.

இச்சுற்றுவட்டார மக்களின் கொள்முதல் நெடுங்காலமாக இரு பக்கம் பிரிந்தது. ஒரு பக்கம் திண்டிவனம், மறுபக்கம் புதுச்சேரி. விற்பனை வரிக் காலத்தில் வரி குறைந்த பொருள்களைத் தேடிப் பலர் புதுச்சேரிக்குப் போனார்கள். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபின், பெட்ரோல், டீசல், மதுபானம் போன்றவை நீங்கலாக, அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. இனி வாடிக்கையாளரை இழுப்பது விலையும், தரமும், தவணையும், நேரத்தில் சரக்கு சேர்ப்பதும்தான்.

பௌர்ணமி வியாபாரம்

திருவக்கரைக்குப் பெயர் வாங்கித் தந்தது சந்திரமௌலீஸ்வரர் கோயில். திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலம். மூலவர் மும்முக லிங்கம். சோழ அரசி செம்பியன் மாதேவியின் திருப்பணி நடந்த கோயில்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் கூட்டத்தைக் கொண்டுவருபவள் வக்கிரகாளி அம்மன். பௌர்ணமி நள்ளிரவில் ஏற்றப்படும் ஜோதியைக் காண நம் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் மக்கள் திரண்டு வருகிறார்கள்.

அந்த இரவில் இங்கு விற்பது என்ன? எலுமிச்சை மாலை, பூ, தேங்காய், கற்பூரம், விளக்கு எண்ணெய், டீ, டிபன், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். மற்ற நாட்களில் சோம்பிக் கிடக்கும் சிறுகடைக்கு இந்த ஓர் இரவுதான் மாத வருமானம். கணக்கு எளிதாகத் தோன்றினாலும் அதில் அபாயம் உண்டு. எலுமிச்சையும் பூவும் மறுநாளைக்குத் தாங்காது. மழை வந்தால் முதலீடு போயிற்று. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது கோயில்கள் மூடப்பட்டன. இதுபோன்ற பெரிய கோயில்கள் செப்டம்பர் 1 முதல்தான் திறந்தன. ஏப்ரல் தொடங்கி ஆகஸ்டு வரை ஐந்து பௌர்ணமி! ஓர் இரவை நம்பிய கடைக்காரருக்கு ஐந்து மாத வருமானம் அப்படியே நின்றுபோனது என்றால் அதன் பொருள் நமக்குத் தெரியும்.

கல்லாகிய மரங்கள்

ஊரின் மற்றொரு சொத்து பகலில் பார்க்க வேண்டியது. அதுதான் கல்மரப் பூங்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940-இல் அமைத்தது; 247 ஏக்கர் பரப்பு கொண்டது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. பிரான்சு நாட்டு இயற்கை ஆய்வாளர் சொன்னரா 1781-லேயே இவற்றைப் பற்றி எழுதிவைத்தார்.

வெட்டிப் போட்ட மரங்கள்போலக் கிடக்கின்றன. வளையங்கள் தெரிகின்றன, கணுக்கள் தெரிகின்றன. தட்டினால் கல்! சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை என்பது அறிஞர்கள் முடிவு. இவற்றில் வேரும் இல்லை, கிளையும் இல்லை. அதனால் இங்கேயே வளர்ந்தவை அல்ல என்று கொள்கிறார்கள். மணலுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் திசுக்களில் சிறிது சிறிதாக ஏறி, மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. புளிய மரக் குடும்பத்தையும் ஆமணக்குக் குடும்பத்தையும் சேர்ந்த மரங்களும் இவற்றுள் உண்டு என்கிறார்கள்.

வியாபாரிகளான நமக்கு உடனே எழும் கேள்வி, இதற்கு விலை உண்டா என்பதே. உண்டு. இந்தோனேசியாவில், குறிப்பாக ஜாவாத் தீவில், கல்மரத்தை அறுத்து மெருகேற்றி, மேசைப் பலகையாகவும் கை கழுவும் தொட்டியாகவும் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். இங்கோ ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. நல்ல சரக்கைச் சும்மா போட்டுவைத்திருக்கிறார்களே என்று தோன்றலாம். விடை பூங்காவுக்கு வெளியிலேயே இருக்கிறது.

குவாரி சொல்லும் பாடம்

திருவக்கரையைச் சுற்றிலும் கருங்கல் குவாரிகளும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களும் நிறைய உண்டு. இங்கிருந்து போகும் ஜல்லி வீடாகவும் சாலையாகவும் மாறுகிறது. நமது கிடங்குகளின் தளத்திலும் அது இருக்கலாம். பலருக்கு வேலை தரும் தொழில். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் விற்ற கல் திரும்ப வராது. கல் தீர்ந்த இடத்தில் பெரும் பள்ளமும் அதில் தேங்கிய நீருமே மிச்சம். லாரி போன வழியில் புழுதியும் உடைந்த சாலையும் மிச்சம்.

ஒரே ஊரில் இருவகைக் கல். ஒன்று விற்றுத் தீர்வது. மற்றொன்று விற்காததால் நிலைத்து நிற்பது. ஆண்டுதோறும் மாணவர்களையும் பயணிகளையும் அழைத்து வருவது. முதலையும் வரவையும் தனித்தனிப் பற்றில் எழுதப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்மரம் முதல், பார்க்க வருவோர் வரவு. முதலில் கைவைத்த கடை எத்தனை நாள் நடக்கும்?

நம்மால் ஆவது

முதலாவது, கல்மரத் துண்டை யாரும் விலைக்குக் கேட்டால் இல்லை என்று சொல்வதோடு, கூடாது என்றும் சொல்வோம்.

இரண்டாவது, பூங்காவுக்கு வருவோர் பகலில் வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது குடிநீர், மோர், இளநீர், நல்ல சாப்பாடு, உட்கார நிழல். இவற்றைத் தரும் கடைகள் பெருகினால் சிறுகடைக்காரர் மாதத்தில் ஓர் இரவை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

மூன்றாவது, மொத்த வியாபாரிகளுக்கு. பௌர்ணமிக்காகச் சரக்கு எடுக்கும் சிறுகடைக்காரரிடம், கெடாத பொருள்களில் விற்காமல் நின்றதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கையின் அடி எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது, சங்கராபரணியில் பெருவெள்ளம் ஓடியது. அத்தகைய நேரத்தில் சிறுகடைக்காரர் எழுந்து நின்றால்தான் நம் பாக்கியும் வசூலாகும்.

மாலையில் திரும்பும்போது, ஜல்லி ஏற்றிய லாரிகளுக்கு வழிவிட்டு எங்கள் வண்டி ஒதுங்கி நின்றது. 2 கோடி ஆண்டு காத்துக் கிடந்த சரக்கு பின்னால் பூங்காவில் அப்படியே இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும். அதைக் காண வருவோருக்கு நல்ல சரக்கை நியாய விலைக்குக் கொடுப்போம்.